வலது காதுக்கு ஒரு பாங்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் சென்டரில் ஹமீது வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொல்கிற பாடம் ஒன்று உண்டு. "புதுசா ஒரு சாமான் வாங்கப் போறதுக்கு முன்னால, மெஷின் மூடியக் கழத்தி உள்ள பாருங்க. கார்டு சொருக என்ன ஸ்லாட்டு இருக்கு, எது காலியா இருக்குன்னு எழுதிக்கிட்டுப் போங்க. வாங்கிட்டு வந்த பொறவு அழாதீங்க." பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எழுதாதவன் ஹமீது ஒருவன்தான். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் நோட்டு வைத்துக்கொள்வதில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவனுடைய அத்தா ஜெய்னுலாப்தீனுக்குத் தொண்டையில் புற்று கண்டது. திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுக்க வேண்டும், அதற்கப்புறம் பேச்சு கிடையாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வீடு இருந்த ராஜபாளையத்திலேயே பஞ்சுக் கிட்டங்கி மேஸ்திரியாக இருந்து, லாரிக்காரர்களைத் தெருமுனைவரை அதட்டிய குரல் அது. வீட்டில் பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொன்னதும் அதே குரல்தான். ஹமீதின் மனைவி ஹாஜராவுக்கு அப்போது ஏழு மாசம்.

"பிள்ள பொறந்ததும் முறைக்கு நீ பாங்கு சொல்லிக்கோலே," என்றார் அத்தா. "ஆனா எங்குரலும் அது காதுல விழணும். ஒருதரமாவது."

"டேப்புல பிடிச்சிரலாமே," என்றாள் அம்மா நூர்பானு. வீட்டில் டேப் ரிக்கார்டர் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது.

ஹமீது சிரித்தான். "டேப்பு சிக்கும்மா, பூஞ்சை பிடிக்கும். கம்ப்யூட்டர்ல போட்டா நூறு வருசம் ஆனாலும் அப்படியே இருக்கும்." வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர், ஏதோ மில் ஆபீஸில் கழித்துப் போட்ட பழசு. ஊமை மெஷின். அதற்குக் குரல் பிடிக்க ஒரு சவுண்டு கார்டு வேண்டும். மதுரைக்குப் போய்க் கார்டும் மைக்கும் வாங்கிவந்தான். சென்டரில் இருந்த புது மெஷினில் மாட்டிப் பார்த்தான். முதல் தடவையே ஓடியது. அதோடு விட்டுவிட்டான். வீட்டு மெஷினைத் திறந்து பார்க்கவில்லை. தன் வீட்டுச் சாமான் தனக்குத் தெரியாதா என்கிற திமிர்தான், வேறென்ன?

சனிக்கிழமை சாயங்காலம் அத்தா தொழப் போகிறவர்போல கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து, தொப்பி போட்டு, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹமீது மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்தவையெல்லாம் பழைய காலத்து நீளக் கறுப்பு ஸ்லாட்டுகள். வாங்கிவந்த கார்டோ, புது மெஷின்களில் இருக்கிற குட்டை வெள்ளை ஸ்லாட்டுக்கானது. அப்படி ஒன்றுகூட அதில் இல்லை. சேராது என்று தெரிந்தும் கார்டை வைத்து அழுத்திப் பார்த்தான்.

நூர்பானு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "செத்த நேரம் இதுலயாவது..."

"அந்த டப்பாவ உள்ள கொண்டு போய் வையும்மா!" கோபமெல்லாம் தன்மேல்தான். விழுந்தது அவள்மேல்.

அத்தா கையமர்த்தினார். "விடு நூரு. நாளைக்கு நானே இவங்கூட சீவில்லிபுத்தூருக்குப் போறேன். அந்த மெஷின்ல சொல்லிட்டு வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிகிறபோது அவருக்கு மூச்சு அடைத்தது. வாடகைக் காரில் போட்டுக்கொண்டு மதுரைக்கு ஓடினார்கள். கார் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போனது. பூட்டிக் கிடந்த சென்டரின் போர்டு ஜன்னலில் வந்து போனது. மகன் மடியில் தலைவைத்திருந்த அத்தா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல முடியுமா? அன்றைக்கே ஆபரேஷன் முடிந்தது.

இரண்டு மாசம் கழித்துப் பெண் பிறந்தது. ஹாஜரா பிள்ளையை மாமனார் மடியில் வைத்தாள். ஜெய்னுலாப்தீன் அதன் வலது காதுக்குக் குனிந்தார். உதடுகள் பாங்கில் ஒரு சொல் விடாமல் அசைந்தன. சத்தம் இல்லை. ஆபரேஷனில் மூச்சுக்கு வைத்த கழுத்துத் துளை வழியே வந்த காற்று, மேலே கட்டியிருந்த துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நூர்பானு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சொல்லி முடித்துவிட்டு, 'இனி நீ சொல்லு' என்று மகனுக்குச் சைகை காட்டினார்.

ஹமீது குனிந்து வாயைத் திறந்தான். நல்ல தொண்டைதான், ஒரு கோளாறும் கிடையாது. குரல் எழும்பவே இல்லை. அத்தா அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.