விழா முடியும்வரை

அன்னம்மாளின் தாடையைச் சேர்த்து உச்சியில் துணி முடிந்துகொண்டிருந்தாள் மகள் ரோஸ்லின். முடிச்சு இறுகுவதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. அனந்தலக்ஷ்மி உள்ளே வந்துவிட்டாள்.

பட்டாளத்து வம்ச மாதர் சங்கத்தின் தலைவி அவள். முதல் உலகப் போருக்குப் போன பாட்டனை நிரூபித்துக் காட்டியவர்களுக்கே சங்கத்தில் இடம். சுபேதார் பேத்திகளுக்கு முன்வரிசை, சிப்பாய் பேத்திகளுக்குப் பின்வரிசை. பாட்டன்மார் ஒரே பதுங்குகுழியில் கிடந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அன்னம்மாள் சிப்பாய் பேத்திதான். ஆனால் சங்கத்தின் கண்ணீருக்கு அவளே பொறுப்பு. அவள் பாட்டன் பஸ்ரா போர்முனையில் செத்த சேதி இந்த ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வந்துசேர ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை பாட்டி பூ வைத்துக்கொண்டு, அவன் வருவானென்று தினமும் ஒரு தட்டு சோறு மூடி வைத்தாளாம். வருஷாவருஷம் அன்னம்மாள் மேடையில் இதைச் சொல்வாள். முன்வரிசைக் கைக்குட்டைகள்கூட நனையும்.

இன்று நாலு மணிக்குக் வேதக்கோயில் ஹாலில் பாட்டன்மார் பெயர் பொறித்த சலவைக்கல் திறப்பு.

"எப்போம்மா?"

"அரை மணி ஆச்சு ஆன்ட்டி. கோயிலுக்குப் போய் சாவுமணி அடிக்கச் சொல்லணும்."

அனந்தலக்ஷ்மி கதவைச் சாத்தினாள்.

"இப்ப வேணாம். மெம்பர் தவறினா மூணு நாளைக்கு விழா எதுவும் கூடாதுன்னு ரூல். உங்கம்மா போட்டதுதான். கல்லைத் திறக்க வர்ற பிரிகேடியரை மறுபடி எங்க புடிக்கிறது? ஆறு மணி வரைக்கும் ஸொல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்க."

"அம்மா செத்துட்டாங்க ஆன்ட்டி."

"தெரியுதும்மா. அதனாலதான் சொல்றேன், சத்தம் போட்டு அழாத. அந்தக் கல்லுக்கு எவ்ளோ அலைஞ்சாங்க! அவங்க இருந்தா இதையேதான் சொல்வாங்க."

அம்மா சொன்னாலும் சொல்லியிருப்பாள். அந்தச் சந்தேகம்தான் ரோஸ்லினின் வாயைக் கட்டிப்போட்டது. முந்தானையைப் பல்லில் கடித்தபடி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

தலைவி போனாள். காவலுக்குக் கிரேஸம்மாவை விட்டுப்போனாள். ஹவில்தார் பேத்தி, சங்கத்து நீல ரிப்பன் குத்திக்கொண்டு வாசல்படியை எல்லைக்கோடாக்கி அமர்ந்தாள்.

மூன்றரைக்கு எதிர்வீட்டு எல்லம்மாவின் குரல். "அக்காவுக்கு எப்டி கீது?"

"இப்பத்தான் கண்ணசந்தாங்க."

"ராகிக் கஞ்சி கொண்டாந்தேன். மொளவு தட்டிப் போட்டிருக்கேன், தொண்டைக்கு எதமா இருக்கும்."

"குடுங்க, எழுந்ததும் குடிப்பாங்க."

கிரேஸம்மா டம்ளரை உள்ளே கொண்டுவந்து அன்னம்மாளின் தலைமாட்டில் வைத்தாள். ஸ்பூனையும் வைத்தாள். பிறகு, ஆறிவிடக்கூடாதென்று, ஒரு தட்டைப் போட்டு மூடினாள்.

ரோஸ்லின் அந்தத் தட்டையே பார்த்தாள். எழுந்தாள்.

"எங்கேம்மா போற?"

"பின்னாடி."

கொல்லைக் கதவு பின்தெருவில் திறந்தது. செருப்பில்லாமல் நடந்தாள்.

கோயிலில் மணியடிக்கும் ஹெர்பர்ட் படியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"வயசு எத்தினிம்மா? வயசுக்கு ஒரு அடியா அடிக்கணும்."

"சங்கத்துல அறுபத்தாறுன்னு குடுத்திருக்காங்க."

"கர்த்தருகிட்ட?"

"எழுபத்தொண்ணு."

முதல் மணி விழுந்தது. எதிரே ஹால் கதவு திறந்தே கிடந்தது. திரைக்கயிற்றைத் தொட்ட பிரிகேடியர், இதுவும் நிகழ்ச்சிநிரலில் உள்ளதென்று எண்ணி விறைத்து நின்று சல்யூட் அடித்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. நீல ரிப்பன்கள் மொத்தமும் எழுந்து நின்றன. மைக்கைப் பிடித்திருந்த அனந்தலக்ஷ்மி வெளியே பார்த்தாள். ரோஸ்லினைப் பார்த்தாள். மைக் மெல்லக் கீழே இறங்கியது.

மணி நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. பிரிகேடியர் கையை இறக்கவில்லை. ஆகவே யாரும் உட்காரவில்லை. முன்வரிசையில் ஒரு சுபேதார் பேத்தி நிற்க மாட்டாமல் பின்வரிசைக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினி ஆச்சு?" என்றார் ஹெர்பர்ட், மூச்சு வாங்க.

"இருபத்திரெண்டு."

அவர் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு மறுபடி கயிற்றைப் பிடித்தார்.