பதினாலாம் நம்பர் பெரியவர்

‘கவனக்குறைவானவர்களுக்குத்தான் காய்ச்சல் வரும்’ என்று எங்கள் குடியிருப்பின் வாசலில் நோட்டீஸ் ஒட்டியவன் நான்தான். கீழே ‘நிவாரணக் குழு ஒருங்கிணைப்பாளர்’ என்று கையெழுத்தும் போட்டேன். இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியும் கிடைக்காத பதவியை ஒரு கொள்ளைநோய் தூக்கிக் கொடுத்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வேலையாகப் பத்தொன்பது கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்தேன். சாப்பாடு வேண்டுமானாலும் அதுதான், மாத்திரை வேண்டுமானாலும் அதுதான். உதவிக்கு அழைக்க என் செல்போன் எண்ணையே கொடுத்தேன். கேட்பவரிடம் படிவத்தை வாசித்துக்காட்டி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குப் பசியே போயிருக்கும். விதிகளும் எழுதினேன். அதில் ஏழாவதில் எனக்குத் தனிப் பெருமை: வாசலில் வைத்த சாப்பாடு இரண்டு வேளை எடுக்கப்படாமல் கிடந்தால் பூட்டை உடைத்து உள்ளே போக வேண்டும்.

சமைத்தது நானில்லை. கீழ்த்தளத்துத் தையல்காரம்மாதான் காய்ச்சல் கண்ட எட்டு வீடுகளுக்குச் சமைத்து, மாடி மாடியாக ஏறி வாசலில் வைத்துவிட்டு வருவார். மீதி நேரத்தில் முகக்கவசம் தைப்பார். அவர் தன் முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கியிருந்ததைப் பார்த்து நாலு பேர் முன்னால் ஒருநாள் எகிறிவிட்டேன்.

“அடுப்புக்கிட்ட நிக்கறேன் சார், மூச்சு முட்டுது” என்றார்.

“வியாதிக்கு அதெல்லாம் தெரியுமாம்மா?” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பெரிய சாதனை செய்தவன் மாதிரி சிரித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது.

மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி, போக்குவரத்து நின்றதால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ வெந்நீர் வைக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. மற்றவனாக இருந்தால் ஒரு குரல் கொடுத்திருப்பான். நான் நோட்டீஸ் ஒட்டியவன். என்ன முகத்தோடு கேட்பது? மானம் போய்விடும் என்று பயந்தேன். உயிர் போகும் என்ற எண்ணம் ஏனோ வரவேயில்லை.

என் வீடு பதிமூன்று. எதிரே பதினாலு, வீட்டுக்காரர் பூட்டிவிட்டு வெளிநாடு போய் இரண்டு வருஷமாகிறது. கதவிலேயே பதித்த பூட்டு, உள்ளே ஆள் உண்டா இல்லையா என்று வெளியே தெரியாது. நான் ஒரு படிவம் எடுத்துப் பதினாலுக்கு ஒரு பெரியவரைக் குடிவைத்தேன். வீட்டுக்காரரின் சித்தப்பா, தனியாள், கூச்ச சுபாவம், யாரிடமும் பேச மாட்டார், கதவைத் தட்ட வேண்டாம் என்று எழுதி, தையல்காரம்மாவுக்கும் போனில் சொல்லிவிட்டேன். குடியிருப்புக்குப் பொதுவாக இருந்த ஒரே ஆக்சிஜன் மீட்டர், அந்த விரலில் மாட்டுகிற சின்னக் கருவி, என் அலமாரியில்தான் இருந்தது. அதையும் பெரியவருக்கு வழங்கியதாக எழுதினேன். கொடுத்தவர் கையெழுத்து வலது கையால், வாங்கியவர் கையெழுத்து இடது கையால். வேறு யாருக்காவது அது தேவைப்பட்டிருக்குமோ என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால் கூசுகிறது.

இரண்டு நாள் நன்றாகவே நடந்தது. தையல்காரம்மா பதினாலின் வாசலில் பொட்டலத்தை வைத்து, “பெரியப்பா, சூடா இருக்கு, ஆறிடறதுக்குள்ள எடுத்துக்கோங்க” என்று மூடிய கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். என்னை அவர் ஒருநாளும் அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டதில்லை. நான் பூனை மாதிரி கதவைத் திறந்து, நாலடி நடந்து, எடுத்து வருவேன். மனைவி போனில், “ஒழுங்கா சாப்பிடறீங்களா? குரல் ஒரு மாதிரியா இருக்கே” என்றாள். “ஊருக்கே சோறு போடறவன், எனக்கென்ன?” என்றேன்.

மூன்றாம் நாள் அந்த நாலடி நடக்க முடியவில்லை. காலைப் பொட்டலம் அங்கேயே கிடந்தது. மதியப் பொட்டலமும் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கருவி எண்பத்தேழு என்று காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போனால் உடனே ஆம்புலன்ஸ் என்று நானே எழுதியிருந்தேன். ஆம்புலன்ஸ் எண் எங்கே என்று தேடினால் அது நோட்டீஸில் இருக்கிறது, நோட்டீஸ் வாசலில் இருக்கிறது. காய்ச்சல் மூளைக்கு எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண்தான் ஞாபகம் வந்தது. உதவிக்கு அழைக்க வேண்டிய எண். அடித்தேன். பிஸி என்றது. மறுபடி அடித்தேன். என் போனிலிருந்து என் போனுக்கே அடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது மூன்றாவது தடவைதான் உறைத்தது.

அப்போது வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

“ரெண்டு வேளை ஆச்சு. சாரோட ரூல் இருக்குல்ல? உடைங்க” என்றது தையல்காரம்மாவின் குரல்.

“அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே?” என்றார் கூட வந்த, எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் லிஃப்ட் மெக்கானிக்.

“போன் பிஸியாவே இருக்கு. யாருக்கோ ஃபாரம் படிச்சுக் காட்டறார் போல.”

எதிர்வீட்டுப் பூட்டில் சுத்தியல் விழுந்தது. என் உயிரைக் காப்பாற்றத்தான் அடிக்கிறார்கள், ஆனால் தப்பான கதவில். கத்திப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. கட்டிலிலிருந்து இறங்கி, இல்லை, விழுந்து, தவழ்ந்தேன். பூட்டு தெறிக்கும் சத்தம் கேட்டது. “யாருமே இல்லையே! தூசிதான் இருக்கு” என்று மெக்கானிக் கூவினார். அவர்கள் போய்விட்டால் நான் செத்தேன். நிலையைப் பிடித்து எழுந்து தாழ்ப்பாளை இழுத்தேன்.

கதவு திறந்ததும் இருவரும் திரும்பினார்கள். என் விரலில் கருவி தொங்கிக்கொண்டிருந்தது.

“பதினாலு... நான்தான்” என்றேன்.

தையல்காரம்மா ஒரு நொடி என்னையும் கருவியையும் பார்த்தார். பிறகு ஓடி வந்து நான் சரிவதற்குள் தாங்கிக்கொண்டார். மெக்கானிக் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அந்தம்மாவின் முகக்கவசம் வழக்கம்போல மூக்குக்குக் கீழே இருந்தது.

“மூக்குக்கு... மேல... ஏத்துங்கம்மா” என்றேன். சத்தியமாக இந்த முறை அதிகாரத்தில் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றிருந்தது.

“வாயை மூடிட்டு மூச்சு விடுங்க பெரியப்பா” என்றார், முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டே.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தேன். தையல்காரம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிழைத்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. நோட்டீஸை யாரோ கிழித்திருந்தார்கள். குடியிருப்பு முழுக்க எனக்குப் ‘பதினாலு’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகின்றன. உதவி எண்ணை மட்டும் மாற்றவில்லை. “படுத்துக்கிட்டே போன் எடுக்கலாம்ல?” என்று தையல்காரம்மா அந்த வேலையை என்னிடமே விட்டுவிட்டார்.

நேற்று மதியம் போன் அடித்தது. மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார். யாரிடமும் ஒரு குண்டூசிகூடக் கடன் வாங்காதவர்.

“ஒண்ணுமில்ல சார். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ரெண்டு நாளா காய்ச்சல். தனியா இருக்கார். அவருக்குக் கேக்கக் கொஞ்சம் கூச்சம்...” இடையில் இருமல் வந்தது. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமினார்.

படிவம் மேஜை மேல்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

“சரி சார். அந்தத் தெரிஞ்சவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கதவைத் தாழ் போடாம வைக்கட்டும். நாங்க இப்பவே மேல வர்றோம்.”