ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு சீஸ் சாண்ட்விச்

அன்று காலையில்தான் கோல்கீப்பரின் உடைந்த தாடைக்குப் போட்ட கம்பியைக் கழற்றினார்கள். பாய்ந்து வந்த பந்தைப் பிடித்தவள், பந்தோடு வந்த முழங்காலைக் கவனிக்காமல் விட்டதன் பலன் அது. ஆறு வாரமாக சூப்பும் பழச்சாறும் உறிஞ்சியே காலம் தள்ளியவளுக்கு, எதையாவது பல்லால் கடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையே இல்லை.

"சீஸ் சாண்ட்விச் சாப்பிடலாமா டாக்டர்?"

"ஓரத்தை வெட்டிட்டு, மெத்துன்னு இருந்தா சாப்பிடுங்க. மொறுமொறுன்னு எதுவும் இப்ப வேண்டாம்."

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறையில் போட்டி தொடங்கிவிட்டது. கணவன் தையல்காரன். ரொட்டிக்கு வெளியே வெண்ணெய் தடவி, நடுவில் சீஸை வைத்து, அலுமினியத் தாளில் மடித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினான். முகத்தில் காலர் தேய்க்கிற கவனம்.

"அண்ணா, அது சாண்ட்விச்சா சட்டையா?" என்றாள் நாத்தனார். வேன் ஓட்டுகிறவள், எதிலும் வேகம்தான். வெண்ணெய்க்குப் பதில் மயோனைஸைப் பூசி, அடுப்பை முழுசாகத் திருகி, தவாவில் போட்டாள்.

கோல்கீப்பரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. வாசனை வேறு மூக்கைத் துளைத்தது. எச்சில் விழுங்கி விழுங்கித் தொண்டையே வலித்தது.

முதலில் கணவனுடையது தட்டுக்கு வந்தது. பொன்னிறம், கண்ணைப் பறித்தது. கத்தியை வைத்ததும் 'மொறுக்' என்று ஒரு சத்தம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது உனக்கு ஆகாதும்மா," என்று சொல்லிவிட்டு அவனே எடுத்துக் கடித்தான். "ஆனா நல்லாத்தான் இருக்கு."

"எரிச்சலைக் கிளப்பாதீங்க," என்றாள் கோல்கீப்பர்.

நாத்தனாருடையது வெளியே கருகியிருந்தது. உள்ளே சீஸ் வைத்தது வைத்தபடி விறைத்துக் கிடந்தது. "அவசரப்பட்டுட்டேன் அண்ணி," என்று தலையைச் சொறிந்தாள்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கோல்கீப்பர் எழுந்தாள். "ரெண்டு பேரும் நகருங்க."

ரொட்டியின் ஓரத்தை வெட்டினாள். சீஸைத் துருவிப் பரப்பினாள். துருவினால் சீக்கிரம் இளகும். தவாவில் துளி வெண்ணெய், தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு. ஓரமாக ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சட்டென்று மூடினாள். உள்ளே ஆவி புஸ்ஸென்றது. பெனால்டி உதைக்குக் காத்திருப்பவள் மாதிரி முழங்காலை மடக்கி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூடியைத் திறந்தபோது ரொட்டி பஞ்சாக இருந்தது. அடியில் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. பிய்த்தாள். சீஸ் நூலாக நீண்டது.

வாயை எவ்வளவு திறக்க முடியும் என்று தெரியவில்லை. விரலளவு திறந்து, ஒரு துண்டை வைத்து, மெதுவாகப் பல்லை அழுத்தினாள். காதோரம் சுரீரென்றது. பல் ரொட்டிக்குள் இறங்கியது. வெண்ணெயும் உப்பும் சூடான சீஸும் நாக்கில் பரவ, கண் தானாகக் கலங்கியது.

"வலிக்குதா?" கணவன் பதறினான்.

வலிக்கிறது என்று தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே அடுத்த துண்டைப் பிய்த்தாள். வாய் காலியானதும் நாத்தனாரிடம் சொன்னாள்:

"அந்த சீஸை எடு. இன்னும் ரெண்டு போடலாம்."