பெல்வியூ தெருக் குளிர்

பெல்வியூ தெருவின் இருபத்திரண்டு வீட்டுக் குளிரும் மோர்வித் பிரைஸின் வீட்டில் வந்து குடியேறிய வருஷம், அவளுடைய முன்னறையில் மே மாதக் கடைசிவரை பனி கிடந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் தக்காளிச் செடி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஒட்டுச்சுவரில் வாழ்ந்த மோர்வித், காலையில் எழுந்ததும் மாடிப்படியிலிருந்து சமையலறைவரை மண்வெட்டியால் பனியை வாரி வழி பண்ணிவிட்டுத்தான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குக் கிளம்பினாள். அங்கே அடுப்படியில் நிற்கும் நேரம் மட்டும்தான் அவளுக்கு விரல்கள் இருப்பது தெரியும்.

எல்லாம் அரசாங்கத்தின் கருணையால் வந்தது. கும்ஹெலிக் பள்ளத்தாக்கின் வீடுகள் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கட்டியவை. மலைச்சரிவில் ஒன்றோடொன்று தோளை ஒட்டி நிற்கும் கல் வீடுகள். காற்றும் ஈரமும் அவற்றில் குடியிருந்தவர்களுக்கு முன்பே குடிவந்தவை. சுரங்கத்தை இழுத்து மூடி ஊரையே வேலையில்லாமல் உட்காரவைத்து இருபத்தைந்து வருஷம் கழிந்த பிறகு, இங்கே ஜனங்கள் குளிரில் நடுங்குகிறார்கள் என்ற செய்தி அரசாங்கத்தின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே ஒரு மானியத் திட்டம் போட்டார்கள். வெளிச்சுவர் முழுவதும் நாலு விரற்கடைத் தடிமனுக்குப் பஞ்சுப் பலகை ஒட்டி அதன்மேல் பூச்சு, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவிடுக்குகளில் ரப்பர், வீட்டைச் சூடாக்கப் புதுக் கொதிகலன். வீட்டுக்காரர் கையை விட்டு ஒரு பென்னி போகாது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். புகைபோக்கியைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிலக்கரி எரியக் கூடாது.

தெருவில் யாருக்கும் இது ஒரு பொருட்டில்லை. எல்லாரும் எப்போதோ எரிவாயுவுக்கு மாறிவிட்டார்கள். மோர்வித்தின் புருஷன் எம்லினுக்கு மட்டும் இன்னும் கரி வந்துகொண்டிருந்தது. சுரங்கத்தில் நுரையீரலை விட்டுவிட்டு வந்தவர்களுக்குச் சாகும்வரை இலவச நிலக்கரி என்று பழைய ஒப்பந்தம். லாரிக்காரன் வந்து வீட்டு வாசலில், நடுத்தெருவில், கரியைக் கொட்டிவிட்டுப் போவான். தெருவே வாளியோடு வந்து உள்ளே எடுத்துப்போட உதவும். மற்றவர்கள் கரிக்குப் பதில் காசாக வாங்கிக்கொண்டார்கள். எம்லின் மாட்டேன் என்றுவிட்டான். பதினாறு வயதில் கீழே இறங்கியவன், அறுபது தாண்டிய பிறகு மாடிப்படியில் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்து மூச்சை வரவழைக்க வேண்டியிருந்தது. அந்தக் கரி சலுகை இல்லை, தன் கூலி என்பான். கூலியை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா என்று கேட்பான்.

திட்டத்து அலுவலகத்திலிருந்து கெதின் என்ற இளைஞன் வந்தான். சேறு படாத சப்பாத்து, மரியாதையான பேச்சு. கத்திப் பேசுகிறவனிடம் நாமும் கத்தலாம். இப்படி இனிக்க இனிக்கப் பேசுகிறவனை என்ன செய்வது?

"கரி வேண்டாம்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், மிஸ்டர் பிரைஸ். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

"தம்பி, உங்க ஆளுங்க என் நுரையீரலத் திருப்பிக் கொடுக்கட்டும். நானும் கரியத் திருப்பிக் கொடுத்துடறேன். சரிக்குச் சரி."

கெதின் சிரித்தான். கையிலிருந்த படிவத்தில் விருப்பமில்லை என்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

கோடை முழுக்க வேலை நடந்தது. அக்டோபரில் கடைசி வீட்டின் கடைசிக் கதவுக்கு ரப்பர் ஒட்டிய அன்று சாயங்காலம், பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில், அந்தச் சுவர்களுக்குள் தலைமுறை தலைமுறையாக இருந்த குளிர் பின்சந்துக்கு வந்து நின்றது. பால் கலந்த தண்ணீரின் நிறம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்தது. பக்கத்து வீட்டு நெஸ்டா தன் பின்கட்டிலிருந்து பார்த்தாள். உள்ளே விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் அது வாசல் மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டதாகச் சொன்னாள். இரக்கமாகத்தான் இருந்ததாம், ஆனாலும் தாழ்ப்பாளை இன்னொரு முறை சரிபார்த்தாளாம். தெருமுனைவரை போய்த் திரும்பிய குளிர், பிரைஸ் வீட்டில் மட்டும் புகைபோக்கி திறந்திருப்பதைக் கண்டுபிடித்து அதன் வழியாக உள்ளே இறங்கியது.

அன்றைக்குக் கணப்பில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு அப்படியே விறைத்துப்போனது. மோர்வித் சுவாலைகளை ஒவ்வொன்றாக ஒடித்து ஜன்னல் விளிம்பில் அடுக்கினாள். பிறகு மூட்டிய நெருப்புகள் எரிந்தன, ஆனால் பக்கத்தில் கையை வைத்தவனுக்கு மட்டும்தான் அது நெருப்பு என்று தெரியும். எம்லின் விட்ட மூச்சு போர்வையில் பொடிப் பனிக்கட்டியாக விழுந்தது. அவள் அதைத் தினமும் முறத்தில் கூட்டி அள்ளினாள். அள்ளும்போது நேற்றைவிட இன்று குறைவு என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பயம்.

முதல் மாதம் தெருக்காரர்கள் கம்பளியும் சூப்பும் கொண்டுவந்தார்கள். இரண்டாவது மாதம் வரும்போது கையில் மீனும் இருந்தது. உருளைக்கிழங்கு வறுவல் கடை பியூ, மீன் பெட்டிகளை நடைவழியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். நெஸ்டா மகளின் மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ரெண்டே நாளுதான்டி, க்ரீம் இளகிடும். எங்க வீட்டுல தாங்க முடியாத சூடு" என்றாள். இதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கம் கொஞ்சமும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கறிக்கடை ஹேடன் மூன்று முழு ஆடுகளைக் கொண்டுவந்து முன்னறை உத்தரத்தில் தொங்கவிட்டான். எம்லின் மாடியேற முடியாமல் முன்னறையில்தான் படுத்திருந்தான். உரித்த ஆடுகளுக்குக் கீழே படுத்தபடி, "நானும் விக்கிறதுக்குத்தானா ஹேடன்?" என்று கேட்டான். ஹேடன் விழுந்து விழுந்து சிரித்தான். மோர்வித்துக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர்கள் ஒரு அநியாயத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகி, அதில் மீன் பெட்டியும் வைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அலுவலகத்துக்குப் போனாள். கெதின் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். பெல்வியூ தெருதான் அவர்களுடைய திட்டத்திலேயே முதலிடமாம். சராசரி வெப்பம் அவ்வளவு ஏறியிருக்கிறதாம். வண்ணப் புத்தகத்தின் அட்டையில் தெருவின் படம் இருந்தது. பிரைஸ் வீடு வராதபடி ஓரத்தை வெட்டியிருந்தார்கள்.

"அந்த வீடுகள்ல இருந்த குளிரு எங்க போச்சுன்னு கேக்குறேன்."

"அது எங்க திட்டத்துல வராதுங்க, மிசஸ் பிரைஸ். நாங்க சூட்ட மட்டுந்தான் அளப்போம்."

அடுத்த இலையுதிர் காலத்தில் டாக்டர் எம்லினின் மார்பில் காது வைத்துக் கேட்டுவிட்டு, இந்த வீட்டில் இன்னொரு ஜனவரியை இவர் தாண்ட மாட்டார் என்று மோர்வித்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகக் கையெழுத்துப் போடச் சொல்லிப் புருஷனைக் கேட்டாள். அதுவரை அவனுடைய பிடிவாதத்தை அவள் தன்னுடையதாகவே வைத்திருந்தாள்.

"தோத்துட்டோம்னு சொல்றியா?" என்றான்.

"நீ உசிரோட இருன்னு சொல்றேன்."

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? விளக்கு வைப்பதற்குள் நெஸ்டா, பியூ, ஹேடன் மூவரும் தொப்பியும் கையுறையுமாக வந்து முன்னறையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நெஸ்டாதான் பேசினாள். "யோசிச்சுப் பாரு மோர்வித். நீயும் அடைச்சுட்டா அது எங்கடி போகும்? பச்சப் புள்ளைங்க இருக்கற வீடெல்லாம் இருக்கு. உங்களுக்குத்தான் பழகிப்போச்சே."

மோர்வித் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர்களில் கடைசி ஆள் வெளியேறும்வரை அப்படியே நின்றாள்.

பேனா மை உறைந்திருந்ததால் எம்லின் ஒரு கரித்துண்டால் கையெழுத்துப் போட்டான். மறுவாரமே கரி லாரி வருவது நின்றது. அரசாங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் தாமதமே கிடையாது. அதற்கும் அடுத்த வாரம் ஆட்கள் சாரம் கட்ட வந்தார்கள். பலகையை ஒட்டும் பசையைச் சுவரில் தடவினார்கள். அது வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. மேஸ்திரி வெப்பமானியை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சுவரில் கொஞ்சமாவது சூடு இருந்தால்தான் பசை பிடிக்குமாம். "வீடு கொஞ்சம் கதகதப்பானதும் சொல்லி அனுப்புங்கம்மா, வந்து கதகதப்பாக்கிக் குடுத்துடறோம்" என்று சொல்லிச் சாரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். மோர்வித் கெதினுக்குத் தொலைபேசினாள். சரி, அப்படியென்றால் கரியைத் திருப்பி அனுப்புங்கள் என்றாள். வேண்டாம் என்று விட்டுக்கொடுத்ததை மறுபடி கேட்க விதி இல்லை என்றான் அவன். மன்னிப்பும் கேட்டான்.

மோர்வித் தொலைபேசியை வைத்துவிட்டுக் கரிக்கொட்டகைக்குப் போய் வாளியையும் மண்வெட்டியையும் எடுத்துவந்தாள்.

ஒரு வருஷமாக அதோடு வாழ்ந்தவளுக்கு எது யாருடைய குளிர் என்று நன்றாகத் தெரியும். பியூ வீட்டுக் குளிரில் வறுத்த எண்ணெய் வாடை. நெஸ்டாவுடையதில் கற்பூர உருண்டையும் ஞாயிற்றுக்கிழமைத் தோத்திரப் புத்தகமும் கலந்த வாடை. ஹேடனுடையதில் ரத்தம். அவள் பனியைப் பிரித்துப் பிரித்து வெட்டி வாளியில் போட்டு, அவரவர் வாசலில் கொண்டுபோய்க் கொட்டினாள், லாரிக்காரன் கரியைக் கொட்டுவதுபோல. யாரும் வாளியோடு உதவிக்கு வரவில்லை. எம்லின் ஜன்னல் வழியாகப் பார்த்து, எந்த வீடு பாக்கி என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தான்.

அரசாங்க ரப்பர் உண்மையிலேயே நல்ல ரப்பர். ஒரு துளிக் குளிர் உள்ளே நுழையவில்லை. ஆனால் வெளியே குவிந்த குளிரில் இருபத்திரண்டு கதவுகளும் சட்டத்தோடு உறைந்து ஒட்டிக்கொண்டன. ஜன்னல்களும் அப்படியே. உள்ளே ஜனங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வியர்த்து, கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போக முடியவில்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை. பியூ தபால் துவாரத்தில் வாயை வைத்துப் பேசினான்.

"மோர்வித், கடையத் தொறக்கணும்மா. வெளிய விடு."

"நான் எங்க புடிச்சு வெச்சிருக்கேன்? உன் குளிருதான் வாசல்ல நிக்குது. உள்ள வான்னு கூப்பிடு, கதவு தொறந்துக்கும்."

கூப்பிட ஒருவருக்கும் மனம் வரவில்லை. இரண்டு நாள் தாங்கினார்கள். ஹேடன் தபால் துவாரம் வழியாகவே அவளைத் திட்டினான், பிறகு கெஞ்சினான், பிறகு அழுதான். அவள் வீட்டில் பனி வடிந்து தரை தெரிந்திருந்தது. எம்லின் மேலங்கியைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருந்தான். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஏற்பாட்டைச் சொன்னவள் நெஸ்டாதான். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சமாக எப்போதும் நடுங்குவதற்குப் பதில், மொத்தத்தையும் ஒரு வாரத்துக்கு ஒரு வீடு வைத்துக்கொள்ளலாம், முறை போட்டுக்கொள்ளலாம் என்றாள். முதல் முறை தன்னுடையது என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, "வா, உள்ள வா" என்று கூப்பிட்டாள். தெருவில் குவிந்திருந்த குளிர் மொத்தமும் அவள் வீட்டுக்குள் போனது, இருபத்திரண்டு கதவுகளும் திறந்துகொண்டன.

அப்படித்தான் இன்றுவரை நடக்கிறது. இந்த வாரம் குளிர் யார் வீட்டில் என்று கேட்பதும், குப்பை வண்டி என்றைக்கு என்று கேட்பதும் பெல்வியூ தெருவில் ஒன்றுதான். முறை வருகிற வீட்டுக் குழந்தைகள் பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்கின்றன. கேக்கும் மீனும் அந்தந்த வாரத்து வீட்டுக்குப் போகின்றன. பிரைஸ் வீட்டுக்கு முறை கிடையாது. அவர்கள் கொடுத்தாகிவிட்டது. பசை பிடிக்கும் அளவுக்கு அந்த வீடு சூடானபோது பெல்வியூ தெருவுக்கான திட்டம் முடிந்திருந்தது. எம்லின் அதற்குப் பிறகு ஆறு குளிர்காலங்களைத் தாண்டினான். ஒரு ஜூன் மாதத்தில், முன்னறையில், வெறும் சட்டையோடு உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தான். அவனுடைய கரி மட்டும் வரவே இல்லை.

அவன் உயிரோடு இருந்தபோதே, தெருவின் முறையில் மோர்வித் இன்னொரு விலாசத்தைச் சேர்த்தாள். தலைநகரத்திலிருக்கும் திட்டத்து அலுவலகம். மார்ச் மாதத்தில் ஒரு வாரம். குளிரை வாளியில் அமுக்கி மேலே துண்டைப் போட்டு மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவாள். கரியைத் திருப்பிக் கொடுத்தால் வாளி வராது என்பாள். அந்த வாரம் முழுவதும் அங்கே எல்லாரும் மேலங்கியோடுதான் கோப்பு பார்ப்பார்கள். பழுதுபார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, பழுது ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். கெதின் இப்போது மேலதிகாரி. எம்லின் இறந்த மறு வருஷமும் அவள் வாளியோடு வந்து நின்றதைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"மிஸ்டர் பிரைஸ்தான் போயிட்டாரே. இனிமே யாருக்குங்க கரி?"

"அவன் போயிட்டான். அவன்கிட்ட நீங்க வாங்குன கையெழுத்து இங்கதானே இருக்கு? அத எடுத்துக் குடுங்க, நான் வாளியத் தூக்கிட்டுப் போறேன்."

அதற்கும் விதி இல்லை. மோர்வித் துண்டை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வாளியை அவன் மேஜைக்கடியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். வாரக் கடைசியில் போய் எடுத்துவந்தாள். இந்த மார்ச்சிலும் போனாள். பஸ் ஓட்டுநர் அவளுக்கு வயதானவர்களுக்கான இலவசச் சீட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, வாளிக்கு ஒன்றும் வாங்குவதில்லை. முன்வரிசையில் மட்டும் அவளையும் வாளியையும் தவிர யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்.