காவல் முட்டை

பெரிய வெள்ளியன்று, ஈஸ்டர் முட்டைகளுக்குச் சிவப்பேற்ற வெங்காயச் சருகு போட்டுக் கொதித்த தண்ணீரிலிருந்து முதல் முட்டையை எடுத்த ரொசாந்தாவுக்கு அப்புறம் கை ஓடவில்லை. முதலில் சிவக்கிற முட்டை வீட்டுக்குக் காவல். அதை மாதா படத்தடியில் வைத்துவிட்டு, போன வருஷத்து முட்டையைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும். ஊரெல்லாம் அப்படித்தான். அவள் வீட்டில் மட்டும், மகன் வெலிமிர் சண்டைக்குப் போன வருஷத்து முட்டையே இன்னும் காவல் இருந்தது. அவன் வரட்டும், மாற்றலாம் என்று இருந்தாள். தலை நரைத்துவிட்டது.

இந்தக் குளிர்காலத்தில் அவன் வந்தான், டான்யூப் ஆற்றங்கரைக் குழி ஒன்றிலிருந்து, சின்னப் பெட்டியில், பாதி எலும்புகளாக. "திறக்க வேணாம்மா" என்றார்கள் கொண்டுவந்தவர்கள். அவளும் திறக்காமல் அடக்கம் செய்தாள். அதுதான் இப்போது உறுத்தியது.

"என்னடி, ஒரு வாசலுக்கு ரெண்டு காவல்காரனா? சம்பளம் யாரு குடுக்கிறது?" என்றாள் நாத்தனார் யெலிகா.

ரொசாந்தா பழைய முட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டினாள். உள்ளே ஏதோ கடகடத்தது. முட்டைக்குள் கல் எப்படி வரும்?

"உடைச்சுப் பாக்கப்போறேன் அண்ணி."

"ஐயோ, நாறித் தொலையும்டி! டேய் மிலாதின், உன் பொண்டாட்டிக்குச் சொல்லுடா!"

மிலாதின் எழுந்து ஜன்னலைத் திறந்துவைத்தான். "சொன்னா கேக்கிற ஆளாக்கா அவ? எனக்கும் பாக்கணும்போலதான் இருக்கு."

ரொசாந்தாவுக்கு நாற்றத்தைப் பற்றிக் கவலையில்லை. உள்ளே அழுகல்தான் மிச்சமென்றால், பிறகு எதை நம்புவது? வருஷா வருஷம் ஈஸ்டரன்று கோயிலில் ஒருவர் 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்பார், மற்றவர் 'மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்' என்று பதில் சொல்வார்; அவள் வாயும் சொல்லும். மனம் கல்லறையைத் தாண்டி ஒரு அடி போனதில்லை.

கத்தி முனையால் தட்டினாள். நாற்றம் வரவில்லை. வெள்ளைக்கரு காய்ந்த தாள்போல ஓட்டில் ஒட்டிக்கிடந்தது. மஞ்சள்கரு தேன் நிறத்தில் கெட்டி உருண்டையாக உள்ளங்கையில் விழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் ஓரம் ஒளிவிட்டது.

யெலிகா மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். "ஏண்டி, கொஞ்சங்கூட நாறலையே!"

இது மகனைத் திருப்பித் தராது. அவனுக்குப் பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகளையும் தராது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் இருட்டுக்குள் என்ன நடக்கும் என்று தனக்கு எல்லாம் தெரிந்ததாக இத்தனை காலம் நினைத்திருந்தாளே, அது சரியில்லை. கடவுள் அங்கே என்னதான் செய்துகொண்டிருக்கிறார்? முதல் முறையாக அவளுக்கு அதை அறிய ஆசை வந்தது.

புது முட்டையை மாதா படத்தடியில் வைத்தாள். வாய் தானாகச் சொன்னது: "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்."

"அடிப்பாவி! இன்னிக்கு வெள்ளிக்கிழமைடி! அவரை இன்னும் சிலுவையிலேருந்தே இறக்கலை!"

"தெரியும் அண்ணி."

மிலாதின் அக்காவின் பக்கம் திரும்பாமலே மெல்லச் சொன்னான்: "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்."