மூலை பார்க்கிறவர்

ஒரு கேமரா வாங்க ஒரு மனிதருக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? நம்முடைய எக்ஸ்ரேக்காரரைக் கேட்டால் "இதுலல்லாம் அவசரப்படக் கூடாதுங்க" என்பார். அவசரமாம், அவசரம்! அவர் முதன்முதலில் அந்தக் கேமராக் கடைக்குள் நுழைந்தபோது பில் போட்டுக்கொண்டிருந்த பெண், கல்யாணமாகிப் போய், பிள்ளை பெற்று, அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு அதே நாற்காலிக்குத் திரும்பி வந்துவிட்டாள். இவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆசை வந்ததைக் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் எலும்பைப் படமெடுப்பது அவர் வேலை. ஜன்னல் இல்லாத அறை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வரை விலா எலும்பு, இடுப்பு, மணிக்கட்டு, எல்லாம் கறுப்பு வெள்ளை. அப்படிப்பட்டவர் ஒருநாள் யாரோ எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். மலைக்கு மேலே ஓர் ஏரி, விடியற்காலைப் பனி, தண்ணீரில் வந்து இறங்கிய பறவைகள், கரையில் ஒரு தட்டைப் பாறை. இடமும் ஒன்றும் தொலைவில்லை. பஸ்ஸில் போய் அடிவாரத்தில் இறங்கி, வண்டி போகாத பாதையில் ஏறவேண்டும். மனுஷர் சொக்கிப்போனார். மனைவியிடம் காட்டினார். அவளும் சொக்கிப்போனாள்.

"ஏங்க, நாம ஒரு தடவை போலாமா?"

"போலாம். கேமரா வாங்கிட்டுப் போலாம். வெறுங்கையோட போய் என்ன பண்றது?"

அந்த ஒரு பேச்சுதான் வினை. மறுநாளே அவள் மலையேற ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்காமல் அலமாரிக்கு மேலே வைத்தாள். இவர் கேமரா பார்க்கத் தொடங்கினார்.

ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் என்கிற புது ரகம்தான் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இயற்கைக் காட்சிக்கு, வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் பெரிதாக இருந்தால்தான் நிழலும் வெளிச்சமும் கெடாமல் வரும் என்று யார் கிடைத்தாலும் பிடித்து நிறுத்திச் சொல்வார். ஆனால் எது? கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றுக்குப் பெரியவன் என்று பெயர் வைத்தார், மற்றதற்குச் சின்னவன். பெரியவனுக்கு மெகாபிக்சல் அதிகம். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் புல்லின் நுனி உடையாது. ஆனால் லென்ஸோடு சேர்த்துத் தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். சின்னவன் இலேசு, தூறலுக்கும் பனிக்கும் அஞ்சமாட்டான், அரையிருட்டிலும் சமாளிப்பான். ஆனால் படத்தை ரொம்பப் பெரிதாக்கினால் புல் பச்சைக் கஞ்சியாகிவிடும். இதில் எதை எடுப்பது, எதை விடுவது? ஒரு முடிவுக்கு வரும் நேரம் பார்த்து, அடுத்த மாடல் வரப்போகிறது என்று எவனாவது வீடியோ போட்டுவிடுவான். மறுபடி முதலிலிருந்து.

அந்தக் கடையில் ஒரு வசதி உண்டு. நம் மெமரி கார்டைக் கொண்டுபோனால், எந்தக் கேமராவிலும் போட்டுக் கடைக்குள்ளேயே எடுத்துப் பார்க்கலாம். படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விடுமுறை வந்தால் இவர் கார்டும் கையுமாகக் கிளம்பிவிடுவார், கூடவே மனைவியும். அவளைக் கடை வாசலில் நிறுத்துவார். உள்ளே இருட்டு, வெளியே தெருவில் வெயில். இரண்டையும் ஒரே படத்தில் கேமரா தாங்குகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாதாம்.

"அசையாம நில்லும்மா. ஒண்ணே ஒண்ணு."

ஒன்று எப்போது ஒன்றோடு நின்றிருக்கிறது? பெரியவனில் சில, சின்னவனில் சில, லென்ஸ் மாற்றிச் சில. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கி, நான்கு மூலைகளையும் துருவுவார். லென்ஸின் யோக்கியதை மூலையில்தான் தெரியும் என்பது அவர் கட்சி. நடுவில் எந்த லென்ஸும் நன்றாகத்தான் இருக்குமாம், அதைப் பார்ப்பது வேலை மெனக்கெட்ட வேலையாம். கடைக்காரர் அவருக்கு 'மூலை சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

"வாங்க மூலை சார். இன்னைக்காவது பில் போடலாமா, இல்ல மூலை மட்டும்தானா?"

"இவரு எங்க கல்யாணத்துக்கு முன்னாடி என்னை இவ்வளவு பாத்திருந்தா, கல்யாணமே நடந்திருக்காதுங்க" என்பாள் மனைவி. கடையே சிரிக்கும். இவரும் சிரிப்பார்.

அவளுக்கு அதே ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையில் வேலை. கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றபடி. ஒருநாள் மத்தியானம் எக்ஸ்ரே அறையில் கூட்டம் சற்றுக் குறைந்த நேரம், இவர் திரையைப் பார்த்துக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிட்டார். கதவைத் திறந்துகொண்டு சீட்டுடன் வந்து நின்றது அவள்.

"நீ எங்கம்மா இங்க?"

"ஏன், நான் வரக் கூடாதா? டோக்கன் எடுத்துட்டுத்தான் வந்தேன்" என்று சீட்டை நீட்டினாள். டாக்டர் எழுதியிருந்தார்: இரண்டு முழங்கால்கள், நின்றபடி.

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது. அவளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார், பாதங்களைச் சரி செய்தார், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார். "அசையாம நில்லும்மா" என்றார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது.

படம் திரையில் வந்தது. தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி, உள்பக்கம் இல்லவே இல்லை. எலும்பு எலும்பின்மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷத்தில் வருகிற தேய்மானமா அது?

"எப்படிங்க இருக்கு?"

"டாக்டர் சொல்வாரும்மா" என்றார் அவர்.

வருகிற போகிற எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன பதில் அது. அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, கட்டின பொண்டாட்டிக்குமா இந்தப் பதிலு!" அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலேயே வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளித்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா மலைக்குப் போற பேச்சையே விட்டுடுவீங்கன்னுதான்" என்றாள்.

டாக்டர் சொன்னார். மருந்து, பயிற்சி, பின்னால் தேவைப்பட்டால் ஆபரேஷன். மலையேறுகிற எண்ணம் மட்டும் வேண்டாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, இவர் கடையில் எடுத்த பழைய படங்களை எல்லாம் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவைப் பார்த்தார். ஆரம்பத்துப் படங்களில் அவள் வாசலில் நேராக நிற்கிறாள். பை தோளில், ஒரு காலில் தாளம் போடுகிறவள்போல் முன்பாதம் தூக்கியிருக்கிறது. கொஞ்சம் தள்ளி வந்தால் ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருக்கிறது. பிறகு தோளும் நிலையில் சாய்ந்துவிட்டது. கடைசிப் படங்களில் வாசலில் ஒரு ஸ்டூல், அதன்மேல் அவள். ஸ்டூலைப் போட்டது கடைக்காரராகத்தான் இருக்கவேண்டும். ஊரான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது! நாள் முழுக்க ஊரார் முழங்காலைப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மூலைகள் எல்லாம் அருமையாக வந்திருந்தன. அவர் அப்படியே அழுதுவிட்டார்.

அவள் எழுந்து வந்து பின்னால் நின்றாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கேமராவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நல்லா இருக்கே கதை! இவ்வளவு நாள் என்னை வாசல்ல நிக்க வச்சுட்டு இப்ப வேணாமா? ஒழுங்கா வாங்குங்க. போய் எடுத்துட்டு வாங்க. எனக்கு அந்த ஏரியப் பாக்கணும்." குரல் அந்தக் கடைசி வார்த்தையில் கொஞ்சம் தடுமாறியது. "பாக்கணும்ங்க. ஆசையா இருக்கு."

"அப்ப சின்னவனையே வாங்கிடறேன். தூக்கிட்டு ஏற இலேசா இருக்கும்."

"வேணாம். பெரியவன வாங்குங்க."

"வெயிட்டும்மா அது."

"இருக்கட்டும், தூக்குங்க. எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க? நான் இங்க உக்காந்தே படத்துக்குள்ள போய் மெதுவா நடந்து பாத்துக்கிறேன்."

எத்தனை வீடியோ, எத்தனை ஒப்பீடு! இத்தனை காலம் தீராத வழக்கு ஒரு நொடியில் தீர்ந்தது. மறுநாள் கடையில் பெரியவனுக்குப் பில் போட்டபோது கடைக்காரர் தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டார். மூலை சார் அவர் கையைப் பிடித்து, "ஸ்டூல் போட்டீங்களே, ரொம்ப நன்றிங்க" என்றார்.

குளிர் தொடங்கியதும் போனார். முந்தின நாள் அவள் அலமாரிமேல் இருந்த தன் ஷூவை எடுத்துப் பார்த்தாள். போடாமலே கிடந்ததில் பசை விட்டு, அடிப்பாகம் கையோடு வந்துவிட்டது. "இதுக்கும் முட்டித் தேய்மானம்" என்று சொல்லி மறுபடி பெட்டியிலேயே வைத்தாள். தூக்கிப் போடவில்லை.

பாதை நெடுக அவர் நின்று நின்று ஏறினார். வழக்கமாக ஒரு மரத்தைப் படமெடுக்கப் பத்துத் தடவை யோசிக்கிற ஆள், அன்று பாதையைத்தான் எடுத்தார். முதல் படிக்கல், வேர் குறுக்கே கிடந்த இடம், ஓடையைத் தாண்டும் பலகை, ஒவ்வொரு வளைவு. மேலே பனி இருந்தது. பறவைகள் இருந்தன. தட்டைப் பாறை அந்தப் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. ட்ரைபாடை நிறுத்தி, பாறையை நடுவில் வைத்து எடுத்தார். "அசையாம நில்லும்மா" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அவளும் பக்கத்தில் இருந்திருக்கலாம். போன வருஷம் வந்திருந்தால், அதற்கு முந்தின வருஷம் வந்திருந்தால். கையில் ஒரு ஓட்டைப் போன் மட்டும் இருந்திருந்தாலும் போதுமே!

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தார். அவள் மவுஸைத் தானே வாங்கிக்கொண்டாள். முதல் படத்தைப் பெரிதாக்கினாள். எதுவும் உடையவில்லை.

"இங்க வேரு கெடக்கு, பாத்து வாங்க" என்றாள். ஓடைப் பலகையில் கொஞ்ச நேரம் நின்று தண்ணீரைப் பார்த்தாள். ஒரு வளைவில் "ரொம்ப மூச்சு வாங்குது, இருங்க" என்று மவுஸை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். விளையாட்டாகத்தான் தொடங்கினாள்; போகப் போக அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. கடைசிப் படத்தில் பனிக்குள் புகுந்து கரையோரமாகப் போய்ப் பாறையை நெருங்கினாள். அதன் ஈரமும், ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு சின்ன இறகும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினாள்.

"அப்பாடா! வந்தாச்சு. உக்காந்துட்டேன்" என்றாள்.

இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவள் பாறையின் மறுபக்கத்தைத் தேடினாள். தண்ணீர்வரைக்கும் போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நான் வந்துட்டேன். நீங்க எங்கங்க இருக்கீங்க?"

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.