ஏழு பேருக்கும் ஜுரம்

காவேரிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். அவளிடம் பயப்படவேண்டிய விஷயமே அதுதான். கத்துகிறவர்களோடு சண்டை அன்றைக்கே முடிந்துபோகும். இவள் மனசுக்குள் போட்டு வைத்துக்கொண்டு, வேளை வரட்டும் என்று தன் வேலையைப் பார்ப்பாள்.

அவள் வேலையும் அப்படிப்பட்டதுதான். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில், தறியிலிருந்து வருகிற புடவைகளில் குறை பார்க்கிற வேலை. இழை விட்டுப்போன இடம் உள்மடிப்பில் ஒளிந்துகொள்கிற மாதிரி மடித்து எடுத்துவருகிற சாமர்த்தியசாலிகள் காஞ்சிபுரத்தில் நிறைய உண்டு. காவேரி மேல்மடிப்பைத் தொடவே மாட்டாள். முந்தானையைப் பிடித்து ஒரு உதறு, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு பார்வை, அவ்வளவுதான். தன் புருஷன் தேவேந்திரன் நெய்த புடவையையே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு வீட்டில் அவனுக்குச் சோறு போட்டதும் அவள்தான். ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவளின் பெண்ணை ஒரு ஹெட்மாஸ்டர் உள்மடிப்பில் ஒளித்து வைத்தார்.

போன வருஷம் ஜீவிதா தெருக்கோடி அரசுப் பள்ளியில் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு வழக்கம். ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால், முந்தின நாள் சாயங்காலம் ஹெட்மாஸ்டர் கோதண்டபாணி வகுப்பு வகுப்பாகப் போவார். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளாகப் பார்த்துத் தலையில் தட்டி, "நீ நாளைக்கு வராதே. யாராவது கேட்டா ஜுரம்னு சொல்லு" என்பார். பல பிள்ளைகளுக்கு லீவு கிடைத்த சந்தோஷம். மறுநாள் வருகிறவர் நாலு பேரை எழுப்பிப் படிக்கச் சொல்வார், நாலும் கணீரென்று படிக்கும், அவரும் டீயைக் குடித்துவிட்டு 'நன்று' என்று எழுதிவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்தின் தரம் இப்படித்தான் வருஷா வருஷம் உயர்ந்துகொண்டிருந்தது.

தட்டு வாங்கினவர்களில் ஜீவிதாவும் ஒருத்தி. அவளுக்கு அது லீவாகப் படவில்லை. தனக்குப் படிக்க வராது என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்துவிட்டாள். மறுநாள் காலையில் வழக்கம்போல யூனிஃபார்ம் போட்டு, ரெட்டை ஜடை பின்னி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒன்பதிலிருந்து நாலு வரைக்கும். மதியச் சாப்பாடு பள்ளிக்கூடத்தில் என்பதால் கையில் டப்பாகூட இல்லை.

கோயில் வாசலில் பூ விற்கிற பொன்னியம்மாள்தான் ரெண்டு நாள் கழித்துக் கேட்டாள். "இன்னா காவேரி, உம் பொண்ணு அன்னிக்கு நாள் பூரா இங்கியே குந்தினு இருந்திச்சே, ஸ்கூல் இல்லியா?"

காவேரி நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கோதண்டபாணி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"உங்க பொண்ணோட நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். எல்லார் முன்னாடியும் நின்னு முழிச்சா அவளுக்குத்தானே அவமானம்?" என்றவர், போகிற போக்கில் சிரித்துக்கொண்டே ஒன்று சேர்த்துச் சொன்னார். "சில மண்டையில ஏறாதும்மா. விடுங்க. பொம்பளைப் புள்ள, வீட்டுல தறி இருக்கவே இருக்கு."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் காவேரி. இந்த மனுஷனை ஒருநாள் வெயிலில் விரித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அந்த 'சரிங்க சார்' கோதண்டபாணிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரிலிருந்து ஒரு தலைவி வேண்டும் என்று வந்தபோது, வாயில்லாப் பூச்சி என்று நினைத்து அவரே காவேரி பெயரைச் சொன்னார். காவேரியும் நீட்டின காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, ஒரு வருஷம் காத்திருந்தாள்.

இந்த வருஷம் மார்ச்சில் வேளை வந்தது. மாவட்டத்தின் சிறந்த தொடக்கப் பள்ளிக்குக் கேடயம் கொடுக்கிறார்கள், பட்டியலில் இந்தப் பள்ளியும் இருக்கிறது, புதன்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. கோதண்டபாணிக்கு ரிட்டையராக ஒரு வருஷம்தான் பாக்கி. கேடயத்தோடு ஒரு போட்டோ எடுத்து மாட்டிவிட்டுப் போகவேண்டும் என்று சுவருக்கெல்லாம் பெயின்ட் அடித்து, யானை, மயில் எல்லாம் வரைந்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தாம் வகுப்பில் ஏழு தலையில் தட்டினார்.

இந்தத் தடவை ஜீவிதா வீட்டில் சொல்லிவிட்டாள். "நாளைக்கு என்னை வராதேன்னுட்டாரும்மா."

காவேரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெண் அழாத குறையாக நிற்கிறாள், இவளுக்குச் சிரிப்பு வருகிறது. அடக்கிக்கொண்டு உடனே கிளம்பி மற்ற ஆறு வீட்டுக்கும் போய், பிள்ளைகளை நாளைக்குத் தன்னோடு அனுப்பச் சொன்னாள். அபியின் அம்மா மட்டும் தயங்கினாள். "எதுக்கு வம்புக்கா? புள்ளைங்க அங்கதானே படிக்குது?" அவளையும் பேசிச் சரிக்கட்டினாள். தேவேந்திரன் தறியைவிட்டு எழாமலே, "ஜாக்கிரதைம்மா" என்றான்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு ஐந்தாம் வகுப்பு வாசலில், தலை சீவி, பவுடர் போட்ட ஏழு பிள்ளைகளோடு காவேரி போய் நின்றாள். உள்ளே ஒரு பையன் கணீரென்று படித்து முடித்திருந்தான். மதிப்பீட்டுக் குழுவின் தலைவி கலையரசி, இந்த வட்டாரத்துக் கல்வி அதிகாரி, மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். கோதண்டபாணியின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைக் காவேரி கண்குளிரப் பார்த்தாள்.

"மேடம், நான் இந்தப் பள்ளியோட குழுத் தலைவி. நீங்க பாத்ததெல்லாம் மேல் மடிப்பு. உள்ள இருக்கறத இட்டுக்கினு வந்திருக்கறேன். படிக்க வராத புள்ளைங்கன்னு இன்னிக்கு வரவேணாம்னு சார் சொல்லிட்டாரு. நீங்களே கேட்டுப் பாருங்க."

கலையரசி ஜீவிதாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். "சொல்லும்மா. உன்னை யார் வரவேணாம்னு சொன்னது?"

ஜீவிதா ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டு, "யாரும் சொல்லல மிஸ். எனக்கு ஜுரம்" என்றாள்.

காவேரி குறுக்கே பேசப் போனாள். கலையரசி கையைக் காட்டி நிறுத்தினார்.

"உனக்கு?" என்று அடுத்த பையனைக் கேட்டார். "ஜுரம் மிஸ்" என்றான் அருள். "ஜுரம் மிஸ்" என்றாள் அபி. ஏழு பேருக்கும் ஜுரம். ஐந்து வருஷத்தில் அவர் அவர்களுக்குப் பிழையில்லாமல் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

கலையரசி முட்டாள் இல்லை. ஜீவிதாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். நெற்றி சில்லென்று இருந்தது. ஹெட்மாஸ்டரைப் பார்த்தார், பிறகு மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தார். அதில் மதிப்பெண்களை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. தன் வட்டாரத்துக்கு ஒரு கேடயம் வந்தால் அவருக்கும் நல்லதுதானே?

"ஏம்மா, ஜுரம் அடிக்கிற குழந்தைங்களையா வெயில்ல கூட்டிட்டு வருவீங்க? தலைவியா இருந்துக்கிட்டு இப்படிச் செய்யலாமா? முதல்ல வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க" என்றார்.

"வைரல் ஃபீவர் மேடம். தெரு பூரா இருக்கு" என்றார் கோதண்டபாணி. அவருக்கு முகத்தில் ரத்தம் திரும்பி வந்திருந்தது.

கேட்டுக்கு வெளியே வந்ததும் காவேரி பெண்ணின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "ஏண்டி பொய் சொன்ன? உனக்காகத்தானே இவ்ளோவும்?"

ஜீவிதா அழவில்லை. "நீ சொல்லிட்டுக் கடைக்குப் போயிடுவ. நாளைக்கு நான்தானே அவருகிட்டப் போய் உக்காரணும்?"

பெண் சொன்னதில் தப்பு இல்லை. காவேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாள். கோபம் குறைந்ததா என்றால் இல்லை, பெண்ணின் பயமும் அதோடு சேர்ந்துகொண்டது.

ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரின் கருத்தும் கையொப்பமும்' என்று ஒரு கட்டம் இருந்தது. அது நிரம்பினால்தான் படிவம் மாவட்டத்துக்குப் போகும். பள்ளியின் கடைசி வேலைநாளுக்குள் போகவேண்டும். கோதண்டபாணி ரெண்டு தடவை ஆள் அனுப்பினார். காவேரி ரெண்டு தடவையும் கை வேலையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். மூன்றாம் தடவை அவரே பட்டுக்கடைக்கு வந்தார்.

புடவையோடு வரிசையில் நிற்கிற நெசவாளிகளுக்குப் பின்னால் அவரையும் நிற்க வைத்தாள். நாலு புடவை பார்த்து முடித்தபிறகுதான் நிமிர்ந்தாள்.

"அந்த ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கம் என் எதிர்ல படிக்கட்டும் சார். முன்ன பின்ன பாக்காத பக்கமா இருக்கணும். படிச்சிட்டா அன்னிக்கே கையெழுத்து போட்டுத் தரேன்."

"இது மிரட்டல்மா."

"நீங்க இன்னா பேரு வேணா வச்சிக்கோங்க."

தலைவியை மாற்றலாம். அதற்குப் பெற்றோர் கூட்டம் கூட்டவேண்டும், கூட்டத்தில் இவள் வாயைத் திறப்பாள். கோதண்டபாணி யோசித்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து தினமும் நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் ஏழு பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். காவேரி கடையில் சொல்லிக்கொண்டு வந்து, மூலையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டாள். முதல் ரெண்டு நாள் கோதண்டபாணி அதட்டினார், பிரம்பைத் தேடினார். காவேரி பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். மூன்றாம் நாள் அவர் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்.

"ஷேர் ஆட்டோக்காரன் என்னென்ன ஊர் பேரு கத்துவான்? சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் கத்தினார்கள். ஐயம்பேட்டை, மாகறல், தென்னேரி என்று பெரிசு பெரிசாக அட்டையில் எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு ஆட்டோவாக்கி ஓடவிட்டார். எந்த ஆட்டோ எந்த ஊருக்குப் போகிறது என்று மற்றவர்கள் படித்து ஏறவேண்டும். அருள் நாலே நாளில் பிடித்துக்கொண்டான். அபி சிரித்துச் சிரித்து விக்கினாள். ஜீவிதாவுக்குக் கொம்பும் காலும் குழப்பம் என்று கண்டுபிடித்து, மணலில் விரலைப் பிடித்து எழுதவைத்தார். பத்தாவது நாள் அவள் வீட்டுக் காலண்டரைத் தானாகப் படித்தாள்.

காவேரிக்கு இதைப் பார்த்துப் பார்த்து உடம்பு எரிந்தது. இத்தனை நாளும் இந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று நினைத்திருந்தாள். தெரியாதவனை ஒருவேளை மன்னித்துக்கூட இருப்பாள். இவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் தன் பெண்ணைக் கோபுரத்தடியில் பசியோடு உட்காரவைத்தார்.

இருபத்தோராம் நாள் பள்ளியின் கடைசி நாள். காவேரி கடையிலிருந்து எடுத்துவந்த தினசரியைப் பிரித்து, ஆளுக்கொரு செய்தியைக் காட்டினாள். ஆறு பேரும் தட்டுத் தடுமாறியாவது படித்தார்கள். கடைசியாக ஜீவிதா. மின்தடை அறிவிப்பு ஒன்று. நடுவில் ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள், திரும்பப் போய் எழுத்தெழுத்தாகக் கூட்டினாள், பிடித்துவிட்டாள், முடிவு வரைக்கும் போய்விட்டாள்.

கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, நிஜமான சந்தோஷம். "பாத்தீங்களாம்மா!" என்று படிவத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"எத்தினி நாள் ஆச்சு சார்?"

"இருபத்தியோரு நாள்மா. நானே எதிர்பார்க்கலை."

"அஞ்சு வருஷமா உங்ககிட்டத்தானே சார் இருந்தா."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. காவேரி படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, கருத்துக் கட்டத்தில் நிதானமாக எழுதினாள். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்ற அடியில் கையெழுத்தும் போட்டாள். அவர் கை நீட்டினார். அவள் படிவத்தை மகளிடம் கொடுத்தாள்.

"படி. ஜூன்ல ஆறாவது, வேற ஸ்கூலு. இனிமே நீ இவருகிட்ட வந்து உக்கார வேண்டியதில்ல."

ஜீவிதா அம்மாவின் கோணல் எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "ஆய்வு நாளில் ஏழு குழந்தைகளை... வராதே என்று... தலைமை ஆசிரியர் சொன்னார். அவர்களுக்குப் படிப்பு ஏறாது... என்றும் சொன்னார்."

"போதும், நிறுத்து ஜீவிதா" என்றார் கோதண்டபாணி.

ஜீவிதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் காகிதத்தில் விரலை வைத்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் சத்தமாகவே படித்தாள்.

"இருபத்தியோரு நாளில் ஏழு பேரும் படித்துவிட்டார்கள். ஐந்து வருடமாக இவர் சொல்லித் தரவில்லை."